பழவேற்காட்டில் மீன்பிடிப் பயணம் என்று பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் அப்பாவுக்கு 68 வயது. கொள்ளிடக்கரைக்காரர். சின்ன வயதில் மூங்கில் தூண்டிலோடு வாய்க்கால் வாய்க்காலாகத் திரிந்த கதைகளை என் மகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவளுக்கு 9 வயது. தாத்தாவோடு ஒருநாள் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் வந்தது. பழவேற்காடு ஏரியில் தனிப்படகு, தூண்டில், இரை, காலைச் சாப்பாடு, லைஃப் ஜாக்கெட், அனுமதி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,800 ரூபாய். பிடித்த மீனைக் கரையிலேயே சமைத்தும் தருவார்களாம். அப்பா, மகள், மச்சான், நான் என்று நாலு பேருக்கு 11,200 ரூபாய். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பினேன்.

காலை 5 மணிக்குக் கரையில் இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். ஏற்பாட்டாளரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆறரை மணிக்கு ஒரு பையன் வந்தான். தனிப்படகு என்றார்களே, அந்த ஃபைபர் படகில் எங்களோடு இன்னும் 11 பேர். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டதற்கு ஒரே ஒரு ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்து என் மகளுக்குப் போட்டுவிட்டு, நாலைந்து போட்டோ எடுத்தான். படகு கிளம்பும்போது அதைக் கழற்றி வாங்கிக்கொண்டான். "மத்ததெல்லாம் அடுத்த படகுல வருது சார்" என்றான். அடுத்த படகு என்று ஒன்று வரவே இல்லை. அந்த இடத்திலேயே நாங்கள் இறங்கியிருக்க வேண்டும். குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் உட்கார்ந்தேன்.

நாலு பேருக்கு மூன்று தூண்டில் கம்பு. ஒன்றில் ரீல் சுற்றவே இல்லை. தூண்டில் நரம்பு வெயிலில் கிடந்து மொறமொறவென்று இருந்தது, தூண்டில் முள்ளெல்லாம் துரு. இரைக்கு ஐஸ் இல்லாமல் நாறிப்போன இறால். விளம்பரத்தில் இருந்தது பெரிய கொடுவா மீன். நாங்கள் நின்ற இடத்தில் துள்ளியதெல்லாம் மடவை. "மடவை சேத்துப் பாசியைத் தின்னுற மீனுப்பா, இறாலுக்கு வராது" என்றார் அப்பா. அப்படியே ஆயிற்று. மூன்று மணி நேரத்தில் கிடைத்தது இரண்டு கிழங்கான், மூன்று சின்னக் கெளுத்தி.

அதில் ஒரு கெளுத்தியைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது மச்சானின் உள்ளங்கையில் குத்திவிட்டது. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்கள், மூன்றும் விஷம். முழங்கை வரை வலி ஏறி அவர் துடித்துப்போனார். படகில் முதலுதவிப் பெட்டி இல்லை. கரைக்கு வந்தபிறகு மீன் விற்கும் ஒரு அம்மாதான், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் கையை அதிலேயே வைத்திருக்கச் சொன்னார். அதில்தான் வலி இறங்கியது. பிறகு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். முகத்துவாரத்தில் நடந்ததை என்னால் விட முடியாது. ஏரி பெரும்பாலும் ஆழமில்லாதது, பல இடங்களில் இடுப்பளவுதான். ஆனால் கடலோடு சேரும் இடம் அப்படியல்ல. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடல் நீர் இறங்கும் வற்றத்தில் ஏரித்தண்ணீர் வெளியே இழுக்கும்போது எதிரே கடல் அலை வந்து மோதும். "பெரிய மீன் அங்கேதான்" என்று அந்தப் பையன் படகுக்காரரைக் கட்டாயப்படுத்தி அங்கே விடச் சொன்னான். படகு தரைதட்டி, மோட்டார் நின்று, பக்கவாட்டில் திரும்பிவிட்டது. இரண்டு அலை உள்ளே அடித்தது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். படகுக்காரர் தண்ணீரில் குதித்துத் தோளால் தள்ளித் திருப்பினார். அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட முடியவில்லை.

2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு. அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவதற்கே தடை போட்டார்கள். இது எனக்குக் கரைக்குத் திரும்பிய பிறகு டீக்கடையில்தான் தெரிந்தது. அனுமதி இருக்கிறது என்று எழுதியிருந்தார்களே, அது பச்சைப் பொய்.

காலைச் சாப்பாடாக வந்தது இரண்டு பிஸ்கட் பாக்கெட். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பதினொரு மணிக்கு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மகள் பையில் இருந்த மிட்டாயைக் கொடுத்தோம். படகுக்காரர் தன் தூக்குவாளியைத் திறந்து, "பெரியவரே, மொதல்ல இத சாப்புடுங்க" என்று தன் பழைய சோற்றைக் கொடுத்தார். அன்றைக்கு முழுப் படகுக்கும் அவருக்குக் கிடைத்த கூலி 1,500 ரூபாய். அவர் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை.

இப்படி யாராவது கூப்பிட்டால், முதலில் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். படகில் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கையில் வராமல் ஏறாதீர்கள், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை. தண்ணீரில் ஆபத்து என்றால் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. பணம் ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் புகார் பதிந்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மீன் மாட்டாதது எங்க தப்பா சார்?" என்று பதில் அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நேற்று மச்சான் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதே ஆட்கள், பக்கத்தின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 'குழந்தைகளுக்கும் முழுப் பாதுகாப்பு' என்று எழுதி, ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு சிறுமியின் படம். அது என் மகள்.