ஏசி கேபின் லாரி: கண்டன்சருக்குக் காத்திருந்த கோடை

சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததிலிருந்து, புது வண்டி எடுக்கலாமா என்ற பேச்சு இல்லாமல் கடலூர் சிப்காட் வாசலில் ஒரு டீ கூடக் குடிக்க முடிவதில்லை. பண்ருட்டி நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டதும் அதைத்தான்: "உங்ககிட்ட இருக்கிற அதே பத்துச் சக்கரத்தையே எடுத்துடட்டுமா அண்ணே? இப்போ எல்லாமே ஏசி கேபினோடதான் வருதாம்." தொலைபேசியில் பதில் சொன்னால் கோபம்தான் முதலில் வரும் என்பதால் எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். எழுத்திலும் அது முழுவதும் அடங்கிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதை இங்கே குறிப்பிடவில்லை. நண்பருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை, ஏனெனில் சங்கத்தில் பேசிப் பார்த்தவரையில் வேறு வண்டி வைத்திருப்பவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 இறுதியில் வாங்கிய, பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டி, அப்போது ஏசி கேபின் கட்டாயமில்லை, கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கினேன். மரக்காணத்தில் உப்பு மூட்டை, சிப்காட்டில் ரசாயன மூட்டை, அரியலூரிலிருந்து சிமென்ட் என்று கலந்து ஓடுகிறது. எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை. முழு லோடு சிமென்டோடு விருத்தாசலம் வழியாக வரும்போதும் மூச்சு வாங்குவதில்லை, மைலேஜ் விற்பனையாளர் சொன்ன கணக்குக்கு அருகிலேயே நிற்கிறது, கிளட்ச்சை இன்னும் தொடவில்லை. புகையைச் சுத்திகரிக்க யூரியா திரவம் ஊற்றும் முறை வந்த புதிதில் எல்லோருக்கும் இருந்த பயம் எனக்கும் இருந்தது. அதிலும் பெரிய தொல்லை வரவில்லை. நான் இதுவரை வைத்திருந்த வண்டிகளில் சிறந்தது இதுதான் என்று யாரிடமும் சொல்வேன்.

ஏசி வேலை செய்த காலத்தில் அதன் அருமையையும் பார்த்தேன். உரிமையாளர்களில் பலர் இன்னமும் இதை ஓட்டுநருக்குக் கொடுக்கும் சலுகையாகவே நினைக்கிறார்கள். டீசல் கூடுதலாகப் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். புதுச்சேரியில் டீசல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்று அங்கே போய் டேங்கை நிரப்பும் பழக்கமுள்ள நமக்கு அந்தக் கணக்கு கண்ணில் படுவது இயல்புதான். ஆனால் எஞ்சின் இருக்கைக்குக் கீழேயே இருக்கும் கேபினில், கண்ணாடி வழியாக வெயிலும் காலடியில் எஞ்சின் சூடும் சேர்ந்து தாக்கும்போது, நண்பகலில் சிமென்ட் ஆலை வரிசையில் காத்திருந்துவிட்டு வருகிற ஓட்டுநரின் நிலை வேறு. ஏசி இருந்தபோது எங்கள் ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தூசியும் ஹாரன் சத்தமும் உள்ளே வராமல் வந்து சேர்வார்; அடுத்த நடைக்கு நான் எழுப்ப வேண்டியதில்லை. வண்டியில் எது பிடித்திருக்கிறது என்று அவரைக் கேட்டால் எஞ்சினைச் சொல்லமாட்டார்.

பிரச்சினை இரண்டாவது கோடையில் மெல்லத் தொடங்கியது. காலையில் குளிர்ச்சி இருக்கும், வெயில் ஏறினால் வெறும் காற்றுதான் வரும். கடற்கரை ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கடலூரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் சற்று தணியும், நெய்வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அந்த ஆறுதலும் கிடையாது. சர்வீஸ் சென்டரில் காட்டினோம். "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று ஏற்றி அனுப்பினார்கள். சில வாரங்களில் மறுபடியும் அதே நிலை, மறுபடியும் கேஸ். ஏசி என்பது மூடிய சுற்று. அதிலுள்ள ஆர் 134ஏ என்ற குளிர்விக்கும் வாயு டீசல் போலச் செலவாகிற பொருள் அல்ல. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்தால், வாயுவோடு கலந்து ஓடும் எண்ணெயும் சேர்ந்து வெளியேறி, கடைசியில் வாயுவை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசரே இறுகிப்போகும். அந்தக் கம்ப்ரசர் மற்றவற்றோடு ஒரே பெல்ட்டில் ஓடுகிற வண்டியாக இருந்தால் பிறகு நடுவழியில் நிற்க வேண்டியதுதான். இதைச் சொன்னபோது அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மரியாதைக்கு அங்கே எப்போதும் குறைவில்லை.

இந்த ஏப்ரலில் வில்லியனூர்ப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். கூரை மட்டும் போட்ட சிறிய கடை. அவர் கேஸ் மீட்டரைப் பொருத்துவதற்கு முன்பே வண்டியின் முகப்பைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரை விரலால் தடவிப் பார்த்தார். அலுமினியத் தகடுகள் விரல் பட்ட இடத்தில் வெள்ளை மாவாக உதிர்ந்தன. கீழ் மூலையில் ஒரு கை அகலத்துக்குக் கருத்த எண்ணெய்ப் பிசுக்கு. தூசி அதன் மேல் மட்டும் ஒட்டியிருந்தது. நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். பிசுக்கு இருந்த அதே இடத்தில் நுரை சிறிது சிறிதாகப் பொங்கி உடைந்தது. இத்தனை நாளாக ஏற்றிய கேஸ் எல்லாம் போன வழி அதுதான். உப்புக் காற்றும், நாங்கள் ஏற்றுகிற உப்பு மூட்டையிலிருந்து பறக்கும் தூளும், மழைக்காலத்துச் சேறும் சேர்ந்து அலுமினியக் குழாயை அரித்துவிட்டன. பெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் நின்ற பகுதிகளில் ஓடிய வண்டி என்பதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார். கண்டறிய அவருக்குத் தேவைப்பட்டது ஒரு முற்பகல்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பிச் சென்று புதுக் கண்டன்சர் கேட்டேன். கடல் காற்றால் வந்த அரிப்பு என்பதால் உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். கடற்கரை ஊரில் கடை வைத்துக் கடற்கரை ஊர்க்காரனுக்கு வண்டி விற்றவர்கள் கடல் காற்றைக் காரணம் காட்டுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை; ஆனாலும் அதை விட்டுக்கொடுத்தேன். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், பாகம் எங்கே என்று கேட்டேன். இருப்பு இல்லை. சென்னைக் கிடங்கிலும் இல்லை. ஆர்டர் போட்டாகிவிட்டது, வந்துவிடும்.

இங்கேதான் எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் வருகிறது. உதிரிபாக ஆர்டரில் இரண்டு வகை உண்டு. வண்டி ஓட முடியாமல் நிற்கிறது என்றால் அது அவசர வரிசையில் போகும். மற்றவை சாதாரண வரிசையில் போகும். ஏசி பழுதானாலும் சக்கரம் சுழலும் என்பதால் கண்டன்சர் சாதாரண வரிசைக்குப் போய்விட்டது. "வண்டி ஓடிட்டுதானே சார் இருக்கு" என்று அந்த இளைஞர் சொன்னபோது அதில் கேலி எதுவும் இல்லை. அவருடைய கணினித் திரை அவருக்கு அப்படித்தான் காட்டுகிறது. இதே வண்டியில் புகை சுத்திகரிப்பு அமைப்பின் சென்சார் ஒன்று பழுதானபோது இரண்டே நாளில் வந்து சேர்ந்தது. அது பழுதானால் எஞ்சின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், லோடு இழுக்காது. அதாவது, வேகமாக அனுப்ப அவர்களால் முடியும். எதை அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் ஓட்டுநருக்கு இடமில்லை.

ஓட்டுநர் இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்பதை அந்தத் திரையில் எங்கே பதிவது? கத்திரி தொடங்கி இரண்டாவது வாரத்தில் எங்கள் ஓட்டுநர் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. "ஏசி இல்லாத வண்டியில வயசெல்லாம் ஓட்டிட்டேன் முதலாளி. அதுல காத்தாவது வரும்." அவர் சொன்னதில் மிகை எதுவுமில்லை. என்னுடைய பழைய வண்டியின் கூரையில் திறந்துவிடும் ஜன்னல் இருந்தது, டாஷ்போர்டுக்குக் கீழே வெளிக்காற்று வருவதற்குத் திறப்பு இருந்தது. ஏசி கேபினில் குளிர்ச்சி வெளியேறக் கூடாது என்பதற்காக அவை எல்லாவற்றையும் அடைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஏசி நின்றுபோன ஏசி கேபின், ஏசியே இல்லாத கேபினைவிட மோசமானது. இருக்கையின் மேல் ஈரத் துண்டு போட்டு, பக்கக் கண்ணாடிகளில் அட்டை வைத்து ஓட்டினார். அரியலூர் நடைகளை இரவுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஆலை வரிசையில் நிற்பது பகலில்தான் என்பதால் அதனால் பெரிய பயனில்லை. மே முடிவதற்குள் ஏசி ஓடும் வேறொரு வண்டிக்குப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மாற்று ஆள் கிடைக்கும்வரை வண்டி வீட்டு வாசலில் நின்றது, மாதத் தவணை நிற்கவில்லை. அப்போது மறுபடி சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசி செய்து, இப்போது வண்டி உண்மையிலேயே ஓடவில்லை, அவசர வரிசையில் போடலாமா என்று கேட்டேன். போட முடியாதாம்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் உள்ள முகவர் ஒவ்வொரு மாடலுக்கும் கண்டன்சரை வாங்கி அடுக்கிவைத்தால் அவருடைய முதல் அதில் முடங்கிவிடும். நேற்றுவரை லாரியில் ஏசி என்பது கேட்பவருக்கு மட்டும் கொடுத்த வசதி என்பதால், அதன் பாகம் எவ்வளவு விற்கும் என்ற கணக்கும் அவரிடம் இருந்திருக்காது. இனி அந்தச் சமாதானம் செல்லாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் எல்லாவற்றின் கேபினுக்கும் ஏசி கட்டாயம். அதை எந்தத் தரப்படி சோதிக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. வரவேற்க வேண்டிய உத்தரவு, ஓட்டுநர்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைத்திருக்க வேண்டியது. ஆனால் ஆலையிலிருந்து வெளியே வரும் நாளில் ஏசி ஓட வேண்டும் என்பதோடு கட்டாயம் முடிந்துவிடுகிறது. அது மூன்றாவது கோடையிலும் ஓட வேண்டும் என்றால் பாகம் கிடைக்க வேண்டும், அந்தக் கவலை முழுவதும் நம் தலையில். இந்த ஆண்டு விற்கிற வண்டிகள் எல்லாம் இரண்டொரு கோடை கழித்து ஒரே மாதத்தில் கண்டன்சர் கேட்டு வரிசையில் நிற்கும்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்டன்சர் வந்தது, ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து, கத்திரி முடிந்த பிறகு. பெட்டியைப் பிரித்தால் கண்டன்சர் மட்டும் இருந்தது. குழாய் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகளும், சுற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் தனித்தனி எண் கொண்ட பாகங்களாம், அவற்றை யாரும் ஆர்டரில் சேர்க்கவில்லையாம். சுற்றைத் திறந்தால் டிரையரை மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கால் வைத்த பையனுக்கும் தெரியும். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெய் கெட்டு எல்லாம் வீணாகிவிடும். மறுபடி ஆர்டர் போடுகிறோம் என்றார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்கே போய்விட்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, பச்சை நிற ஓ ரிங்குகளில் அளவு பார்த்துப் பொறுக்கினார், சென்னை ஜி.பி. சாலையில் சொல்லி மறுநாள் பேருந்தில் டிரையரை வரவழைத்தார், சுற்றுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம் போட்டு நிதானமாக விட்டுவைத்துப் பிறகு கேஸ் ஏற்றினார். இப்போது குளிர்ச்சி வாங்கிய நாளில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது. ரேடியேட்டர் கழுவும்போதெல்லாம் கண்டன்சரையும் நல்ல தண்ணீரில், அழுத்தம் குறைத்துக் கழுவச் சொன்னார். உப்பு ஏற்றிய நடைகளுக்குப் பிறகு கட்டாயம். வண்டியோடு வந்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இந்த வண்டியை எடுக்க வேண்டாம். எஞ்சின் சிறந்தது, மைலேஜ் சிறந்தது, ஜிஎஸ்டி குறைந்ததில் மிச்சமும் கணிசம். இருந்தாலும் எடுக்க வேண்டாம். இதையே மார்கழியில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். எஞ்சினில் ஒரு படி குறைந்த வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ அதன் கண்டன்சர், கம்ப்ரசர், டிரையர் மூன்றும் அலமாரியில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள், அவர்கள் எல்லாம் இருக்கிறது என்பார்கள். பின்பக்கம் இருக்கும் உதிரிபாகக் கவுன்டரில் பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் அன்றே ஒரு டிரையரைக் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். எந்தக் கடையில் கொடுத்தார்கள் என்பதை எனக்கும் சொல்லுங்கள். எனக்கும் இன்னொரு வண்டி தேவைப்படுகிறது, ஆடி பிறந்துவிட்டால் வீட்டில் எடுக்க விடமாட்டார்கள்.