ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் மேல் சந்தேகமா? வெளிநாட்டில் இருந்து லீவில் ஊருக்கு வரும்போது பார்க்க வேண்டியவை

கோவைப் பக்கம் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவை முதலில் பார்ப்பது இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் டாக்டர். அவர் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர். நீலகிரி மலை மேலே வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் பார்ப்பவர் சீருடை அதிகாரி. “மிலிட்டரி டாக்டர் சரியில்லீங்க” என்று வீட்டில் சொன்னால், எந்த டாக்டர் என்று முதலில் கேளுங்கள். புகார் போகும் இடமே வேறு.

அடுத்தது சீட்டில் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் முத்திரை. 2002 மருத்துவ ஒழுக்க விதிகளின்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். மை அப்பிக் கிடந்தால், “நம்பர் சரியா விழுகலீங்க, ஒருக்கா எழுதிக் குடுத்துருங்க” என்றாலே போதும். அதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் மட்டும் தேடிவிட்டு, பேர் இல்லை, போலி டாக்டர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர் மகாராஷ்டிரா கவுன்சிலில் பதிந்திருக்கலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டில் மாநில கவுன்சிலையும் சேர்த்துத் தேடுங்கள். ஸ்பெஷலிஸ்ட் என்றால் எம்.டி., எம்.எஸ். கூடுதல் தகுதியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

படிப்பு சரியாக இருந்தும் வைத்தியம் தப்பிப் போகலாம். அதைக் கேட்கக் கேஸ் ஷீட் கையில் வேண்டும். உள்நோயாளியோ, அவர் எழுத்தில் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும்; 3 வருடம் வைத்திருக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடாதீர்கள். மருந்து சார்ட், ஆபரேஷன் நோட்ஸ், லேப் ரிப்போர்ட், ரத்தம் ஏற்றியிருந்தால் பை எண் எல்லாம் கேளுங்கள்.

2002இல் ஜம்மு காஷ்மீரின் சாம்பா ராணுவ ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு விமானப்படை வீரருக்கு எச்ஐவி இருப்பது 2014இல்தான் தெரிந்தது. நுகர்வோர் ஆணையத்தில் தோற்றார். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விமானப்படையும் ராணுவமும் பொறுப்பு என்று சொல்லி, சுமார் 1.54 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. ராணுவ ஆஸ்பத்திரி மேல் கேஸே போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புகார் பாலிகிளினிக் மேல் என்றால் முதலில் அதன் பொறுப்பு அதிகாரி, பிறகு இசிஎச்எஸ் மண்டல மையம். வெலிங்டன் என்றால் ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரி. பதில் இல்லாவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ். வெளிநாட்டில் இருந்தே பின்தொடரலாம். தகவல் கேட்கும் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இதற்குச் செல்லாது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்ட பிள்ளைகள், திரும்ப விமானம் ஏறும் முன்பே அப்பா கையெழுத்தோடு மனுவைத் தபாலில் போட்டுவிடுங்கள்.