பெயின்ட் அடித்துப் பில் போட்டார்கள்: பழைய மரைன் எஞ்சின் வைத்திருப்போர் கவனத்திற்கு

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி அரைக்கும் எங்கள் தொழிற்சாலையில், மின்சாரம் நின்றால் கைகொடுக்க ஒரு பழைய மரைன் டீசல் எஞ்சின் இருக்கிறது. கொச்சியில் ஒரு விசைப்படகிலிருந்து இறக்கிய அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை 1996-இல் அப்பா வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் ஏற்றிவந்து, ஆல்டர்னேட்டரோடு இணைத்து நிறுத்தினார். அதற்கு ரேடியேட்டரும் விசிறியும் கிடையாது. படகில் கடல்நீர் செய்த வேலையை இங்கே ஓடைத் தண்ணீர் செய்கிறது. சென்ற ஆண்டு ஆகஸ்டில், அதன் குளிர்விப்பு அமைப்பு முழுவதையும் சர்வீஸ் செய்துவிட்டதாகச் சொல்லி, கோவையிலிருந்து வந்த ஒரு பணிமனைக்காரர் 46,800 ரூபாய் வாங்கிச் சென்றார். அக்டோபர் கடைசி வாரத்தில் எஞ்சினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) விரிசல் விட்டது. பில்லில் எழுதியிருந்த ஏழு வேலைகளில் ஐந்து செய்யப்படவே இல்லை என்பது, பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இது போன்ற எஞ்சின் வைத்திருக்கும் இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

இந்த எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்த இடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சிலிண்டர்களையும் ஹெட்டையும் சுற்றி ஓடும் தண்ணீர் ஒரு மூடிய சுற்று. அதில் கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவம் கலந்திருக்கும். வெளியிலிருந்து வரும் தண்ணீர் வேறொரு சுற்று. ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் பொருத்திய பம்பு அந்தத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து இழுத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் கட்டுக்கட்டாக இருக்கும் மெல்லிய குழாய்களின் வழியே தள்ளும். குழாய்க்குள்ளே ஓடைத் தண்ணீரும் வெளியே சூடான கூலண்டும் ஓட, இரண்டும் கலக்காமலே சூடு இறங்கிவிடும். செம்புக் கலவைக் குழாயும் பித்தளையும் வார்ப்பிரும்பும் கடல்நீரில் ஒன்றாக நனைந்திருக்கும்போது உலோகம் அரிக்கும் என்பதால், அந்த அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள ‘ஜிங்க் பென்சில்’ என்ற விரல் நீளத் துத்தநாகக் கம்பியை ஒரு பித்தளைப் பிளக்கில் திருகி உள்ளே வைத்திருப்பார்கள். அது பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். முழுவதும் கரைந்துபோனால் அடுத்து அரிபடுவது குழாய்தான்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே காரணம்தான் எஞ்சினுக்கும். கூலண்ட் தொட்டியின் மூடி 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், வெறும் தண்ணீரேகூட 106, 107 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் அந்த 12 டிகிரிப் பாதுகாப்பு போய்விடும். கடற்கரையில் சமாளித்துவிடக்கூடிய ஒரு சிறு குறை, இங்கே எஞ்சினையே கொன்றுவிடும்.

இதையெல்லாம் 22 ஆண்டுகள் கவனித்துக்கொண்டவர், எங்கள் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று இப்போது அரவேணுவில் இருக்கும் பெரியவர். எக்ஸ்சேஞ்சரிலிருந்து தொட்டிக்குத் திரும்பி விழும் தண்ணீரை மாதம் ஒரு முறை 20 லிட்டர் வாளியில் பிடித்து, எத்தனை வினாடியில் நிறைகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவருடைய வழக்கம். நல்ல நிலையில் 14 வினாடி. 18 ஆனால் இம்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பார். அவர் போன பிறகு வந்த இளைஞருக்கு அந்த நோட்டைக் கொடுக்காமல் அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தது என் தவறு. அதை நான் யார் மேலும் போட முடியாது.

ஆகஸ்டில் வந்த பணிமனைக்காரர், தாம் துறைமுகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்றும், இந்த வகை எஞ்சின் தமக்குக் கைவந்தது என்றும் சொன்னார். ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் திறந்து குழாய்களைச் சுத்தம் செய்து அழுத்தச் சோதனை, புதிய இம்பெல்லர், ஜிங்க் பென்சில் இரண்டு, புதிய தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு), கூலண்ட் தொட்டிக்குப் புதிய மூடி, ஹோஸ்களும் கிளிப்புகளும், 24 லிட்டர் கூலண்ட் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். வேலை நடந்த இரண்டு நாளும் நான் தேயிலை ஏல விஷயமாகக் குன்னூரில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது எஞ்சின் முழுவதும் சாம்பல் நிறப் பெயின்டில் பளபளத்தது. என் முன்னால் சுமையில்லாமல் 20 நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். வெப்பமானியின் முள் 70 டிகிரியைத் தாண்டவில்லை. திரும்பி விழும் தண்ணீர் முன்பைவிட மெலிந்திருக்கிறதே என்று எங்கள் டிரைவர் கேட்டதற்கு, “புது இம்பெல்லர் தம்பி, ஓட ஓட செட்டாகிவிடும்” என்று பதில் வந்தது. புதிய இம்பெல்லர்தான் முதல் நாளிலேயே அதிகத் தண்ணீர் தள்ளும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழைய உதிரிகள் எங்கே என்று கேட்டேன். குப்பையோடு போய்விட்டது என்றார்கள். நான் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்த ஒரு இரவு, மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. வாடல் தொட்டிகளில் 5,400 கிலோ கொழுந்து கிடந்தது. காற்றூதிகள் நின்றால் அடியிலுள்ள இலை சூடேறிச் சிவந்துவிடும் என்பதால் உடனே எஞ்சினைப் போட்டோம். முழுச் சுமையில் ஒன்றரை மணி நேரம் ஓடியது. முள் 90-ஐ நெருங்கி, பிறகு தானாகவே இறங்கி 60-க்கு வந்ததைப் பார்த்து, சூடு தணிந்துவிட்டது என்று டிரைவர் நினைத்தார். தண்ணீர் கொதித்து வெளியேறி, வெப்பமானியின் முனை ஆவியில் நின்றுகொண்டிருந்ததால்தான் முள் இறங்கியது. சூடான எஞ்சினில் முள் காரணமில்லாமல் இறங்குவதுதான் மிக மோசமான அறிகுறி என்பதை இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து உங்கள் டிரைவர்களுக்குச் சொல்லிவையுங்கள். சற்று நேரத்தில் பெயின்ட் கருகும் நாற்றம் வந்தது. கையை வைத்து நிறுத்துவதற்குள் எஞ்சின் தானே இறுகி நின்றுவிட்டது.

கொழுந்து போய்விட்டது. அரைத்த தூளை அடிமாட்டு விலைக்கு விற்றோம். இலை கொடுத்த விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைக்க முடியாது. அவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

மூன்றாம் நாள் பெரியவரை அழைத்துவந்தேன். அவர் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியை உடனே கழற்றவில்லை. மூடியும் உடலும் சேரும் கோட்டின் மேல் சவரப் பிளேடால் மெல்லச் சுரண்டி, “தம்பி, இங்க வந்து பாருங்க” என்றார். சாம்பல் பெயின்டுக்கு அடியில், அப்பா காலத்து நீலப் பெயின்ட் அந்தக் கோட்டைக் கடந்து ஒரே தோலாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அந்த மூடியை யாராவது திறந்திருந்தால் அந்த நீலம் உடைந்திருக்கும். பிறகு திறந்தோம். குழாய்களின் வாயில் ரப்பர் இதழ்த் துண்டுகள் ஐந்து செருகிக் கிடந்தன. மூன்று ஓரம் தேய்ந்து பாசி பிடித்துப் பழையவை, இரண்டு புதிதாக முறிந்தவை. அவற்றைச் சுற்றிச் சேறும், தேயிலைப் பஞ்சும் அடை போல் ஒட்டியிருந்தன. ஜிங்க் பிளக்குகளைத் திருகி எடுத்தபோது புத்தம் புதிய வெள்ளை டேப் சுற்றியிருந்தது, ஆனால் அதன் முனையில் துத்தநாகமே இல்லை. வெறும் பித்தளைப் பிளக் மட்டும். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய அறை காலியாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் இந்த எஞ்சினில் பைபாஸ் வழி மூடாது. சூடான தண்ணீரில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமலே திரும்பவும் சிலிண்டருக்குப் போய்விடும். சுமையில்லாத ஓட்டத்தில் முள் குளிர்ச்சியாகக் காட்டியதால் இது தெரியாமல் போயிற்று. கூலண்ட் தொட்டியின் மூடி புதிதுதான், ஆனால் ஸ்பிரிங் வால்வு இல்லாத வெற்று மூடி.

கூலண்டைச் சோதிக்கப் பெரியவர் சொன்ன வழி மிக எளிது. எஞ்சினில் மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரை ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். சரிபாதி கலந்த கூலண்ட் வீட்டு ஃப்ரீசரில் உறையாது. காலையில் அது பச்சை நிறப் பனிக்கட்டியாகக் கல்லாய் இறுகியிருந்தது; சாயம் கலந்த குழாய்த் தண்ணீருக்கு நான் 24 லிட்டர் கூலண்டின் விலை கொடுத்திருக்கிறேன். கூலண்ட் உறைபனிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்தான் லைனரின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறையின்) வெளிப்பக்கத்தைக் காக்கிறது. எங்கள் லைனர்கள் இரண்டில் ஊசி குத்தியது போன்ற குழிகள் விழுந்திருந்தன.

பணிமனைக்காரரிடம் படங்களை அனுப்பியபோது, ஓடைத் தண்ணீர் சரியில்லை என்றார். பிறகு வேலையாள் ஏமாற்றிவிட்டான் என்றார். கடைசியில் 15,000 ரூபாய் மட்டும் அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஊட்டியில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்றும், தன் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு என்றும், ஆள் வைத்து நடத்தும் தொழிற்சாலைக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம் என்றும் அவர் விளக்கினார். உரிமையியல் வழக்கு போடலாம். அதற்குச் சான்று வேண்டும். பழைய உதிரியை வாங்கி வைக்காத என்னிடம் இருந்தது, பெயின்ட் கோட்டின் படமும் ஒரு டப்பாப் பனிக்கட்டியின் படமும்தான்.

ஹெட், கேஸ்கட், லைனர்கள், ஒரு பிஸ்டன் எல்லாம் சேர்த்துப் பழுதுபார்க்க 2,15,000 ரூபாய் ஆயிற்று. இந்த முறை கொச்சியில் படகு எஞ்சின் பார்க்கும் ஒருவரை அழைத்தோம். நான் இரண்டு நாளும் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அவர் குழாய்களுக்குள் இரும்புக் கம்பியை விடவே இல்லை, மரக்குச்சியைத்தான் விட்டார். கடையில் விற்கும் கழிப்பறை ஆசிட்டைத் தொடக்கூட விடவில்லை. மென்மையான சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சலவைச் சோடா கரைசலில் கழுவினார். பிறகு இரு முனையும் அடைத்து, காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தியபோது மூன்று குழாய்களிலிருந்து குமிழி வந்தது, அவற்றை அடைத்தோம். இம்பெல்லரின் உடைந்த துண்டுகளைத் தரையில் வைத்துப் பழைய இம்பெல்லரோடு பொருத்தி, ஒரு இதழ்கூட உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் மூடினார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் அப்பாவுக்கும் தெரியாது, பெரியவருக்கும் தெரியாது. கடல்நீரில் நன்றாக வேலை செய்யும் துத்தநாகம், உப்பில்லாத ஓடைத் தண்ணீரில் மேலே ஒரு படலம் பிடித்துச் செயலற்றுப் போய்விடும். நன்னீருக்கு மெக்னீசியம் பென்சில்தான் போட வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் நேர்மையாக மாற்றிவந்த ஜிங்க்கும் அரைகுறையாகத்தான் காத்திருக்கிறது. படகிலிருந்து இறக்கிய எஞ்சினை மலையிலோ அணைக்கட்டிலோ ஓடைக்கரையிலோ ஓட்டுபவர்கள் இதை அவசியம் கவனியுங்கள்.

இப்போது தொட்டியின் உறிஞ்சு குழாய்க்கு இரட்டை வடிகட்டி வைத்திருக்கிறோம். மழை நாளில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அதைக் கழுவுகிறார்கள். சூடு மீறினால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சும், தண்ணீர் ஓட்டம் நின்றால் ஒலிக்கும் மணியும் பொருத்தியாயிற்று. பெரியவரின் நோட்டு எஞ்சின் அறையிலேயே ஆணியில் தொங்குகிறது.

இந்த ஓராண்டுக்குள் வெளியூர்ப் பணிமனை எதுவாவது வந்து, நீங்கள் அருகில் இல்லாதபோது உங்கள் மரைன் எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பை சர்வீஸ் செய்து பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த மழைக்கு முன் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஜிங்க் பிளக் ஒன்றைத் திருகி எடுத்து, அதன் முனையில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்பானர் போதும், ஐந்து நிமிட வேலை. அது வெறும் பிளக்காக இருந்தால், மற்ற எதையும் நம்பாமல் எக்ஸ்சேஞ்சர் மூடியையும் திறந்துவிடுங்கள். திறப்பதற்கு முன், பெயின்ட் கோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.