தமிழ்வழியா, ஆங்கிலவழியா: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இதே பேச்சுதான். அப்பத்தா முதல் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வரை பேசுவதெல்லாம் தமிழ். பள்ளி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கலாமா?

தனியார் ஆங்கிலவழிப் பள்ளியின் பலத்தை மறுக்க முடியாது. சிறு வயதிலேயே காது பழகுகிறது, பேச்சில் கூச்சம் குறைகிறது. பொறியியலோ மருத்துவமோ படிக்கப் போகும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆனால் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூவேலைக் கல் வார்க்கும் குடும்பத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஓர் அறைக்கு எத்தனை கல் பிடிக்கும் என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடும். அதே கணக்கை ஆங்கிலத்தில் நான்கு வரியில் எழுதிக் கொடுத்தால், கூட்டுவதா பெருக்குவதா என்று ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். கணக்கு வராமல் இல்லை, கேள்வி எட்டவில்லை. வீட்டிலும் விளக்க ஆளில்லாதபோது மனப்பாடம்தான் மிஞ்சுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காட்டில் இடம் கிடைத்தால் கட்டணச் சுமை இறங்கும், இந்தச் சுமை இறங்காது.

அரசுப் பள்ளிகளில் 2013-14 முதல் பரவலாக வந்த ஆங்கிலவழிப் பிரிவு, செலவில்லாத நடுவழியாகத் தெரிகிறது. பல தொடக்கப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரு பிரிவையும் சேர்த்தே நடத்துகிறார். விளக்கம் தமிழில், தேர்வு ஆங்கிலத்தில். தனியார் ஆங்கிலவழி, அரசுப் பள்ளி ஆங்கிலவழி, தமிழ்வழி என்ற மூன்றில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இதுதான்.

தமிழ்வழியில் பாடம் புரிகிறது, பிள்ளை தயங்காமல் கேள்வி கேட்கிறது. அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. 2020இல் செய்த திருத்தத்தின்படி, பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. குறையும் பெரியதுதான்: ஆங்கிலப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகூடக் கல்லூரி முதலாண்டில் தடுமாறுகிறது. இது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

தினமும் உடன் உட்கார்ந்து ஆங்கிலப் பாடத்தை விளக்க வீட்டில் ஆள் இருந்தால் தனியார் பள்ளியில் சேருங்கள். இல்லையென்றால், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியே என் தேர்வு. சேர்க்கும் முன் அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். திணறினால் ஆங்கிலப் பாடம் வாரத்தில் எத்தனை வேளை நடக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.