குடும்ப மையத்தின் இளையோர் உளநல ஆலோசனை: ஒரு தாயின் மதிப்பீடு

தென் கொரியாவின் கியோங்கி மாகாணத்தில் வசிக்கிறோம். என் கணவர் கொரியர். நான் மதுரையில் பிறந்தவள். எங்கள் 13 வயது மகள் மனக்கணக்கைக்கூடக் கொரிய மொழியில்தான் போடுவாள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பல்பண்பாட்டுக் குடும்பங்களுக்கு உதவும் குடும்ப மையங்களுள் ஒன்றில், அவளுக்காக ஆறு மாதம் ஆலோசனை பெற்ற பின் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு இரவுதோறும் அவளுக்கு வயிற்றுவலி வரும். குழந்தை மருத்துவர் எல்லாப் பரிசோதனைகளும் செய்து, குறையொன்றும் இல்லை என்றார். மைய ஆலோசகரோ வலியைப் பற்றி மட்டும் கேட்காமல், உறக்கம், சாப்பாடு, வகுப்பில் அருகில் அமர்பவர் யார் என்பது வரை பொறுமையாக விசாரித்து வந்தார். நான்காம் சந்திப்பில்தான் செய்தி வெளிவந்தது: வகுப்பில் சிலர் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'தமுன்ஹ்வா' என்றே கூப்பிடுகிறார்கள். பல்பண்பாடு என்று பொருள்படும், சட்டமே பயன்படுத்தும் அந்தச் சொல் பள்ளியில் பட்டப்பெயராகிவிட்டது. தேசியக்கொடி உறுதிமொழியிலிருந்து இனத்தைக் குறிக்கும் 'மின்ஜோக்' என்ற சொல் 2007இலேயே நீக்கப்பட்டது. ஆயினும் தான் கொரியப் பெண் என்பதை அவள் தினமும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோர்வையும் உடல்நலக் கேடாகவே கருதி, கொரியாவா இந்தியாவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் பேசியதே இச்சேவையின் பெருஞ்சிறப்பு. இரண்டு மாதங்களில் வலி வெகுவாகக் குறைந்தது. கட்டணம் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மே 20, உலக மக்கள் நாளை ஒட்டி, அதே மையத்தின் நிகழ்ச்சிப் பிரிவினர் அவளைப் பாவாடை தாவணியில் வந்து 'அம்மாவின் நாட்டை' அறிமுகப்படுத்துமாறு கேட்டார்கள். மதுரையை இரண்டே முறை பார்த்த பிள்ளை அவள். அன்றிரவு வயிற்றுவலி திரும்பியது. முறையிட்டபோது, ஆண்டுதோறும் இப்படித்தான் நடத்துகிறோம் என்றார்கள். ஆலோசனை அறையில் பெற்ற நிம்மதியை விழா மேடையில் பறிப்பது எனக்கு மிகுந்த வேதனை அளித்தது.

மொழிச் சிக்கல் உள்ள தாய்மார்கள் 1577-1366 என்ற எண்ணில், பல்பண்பாட்டுக் குடும்பங்களுக்கான 'தானுரி' தொலைபேசி உதவி மையத்தை அழைக்கலாம். 24 மணி நேரமும் 13 மொழிகளில் பேசுகிறார்கள், தமிழ் அவற்றில் இல்லை. பதிவு செய்யும்போதே, சந்திப்பைப் பள்ளியில் வைக்காமல் மையத்திலேயே மாலையில் வைக்குமாறு கேளுங்கள். வகுப்பின் நடுவே பிள்ளையை எழுப்பி அழைத்துச் செல்லும் நிலை வராது.