படகு டிரெய்லர் வாங்குவோர் கவனத்திற்கு: இழுவைப் பந்தின் அளவை நீங்களே பாருங்கள்

பழைய மோட்டார் படகு ஒன்றை டிரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். விற்றவரே என் எஸ்யூவியின் பின்புறம் இழுவைப் பந்தையும், அதாவது டிரெய்லரை மாட்டும் இரும்புக் குமிழையும், பொருத்தித் தந்தார். "பேரிங் எல்லாம் புதிது, நீங்கள் தைரியமாக ஓட்டிக்கொண்டு போகலாம்" என்று அவர் சொன்னதை நம்பி, எதையும் குனிந்து பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியதும் பின்னால் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. மெதுவாக ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தபோது, டிரெய்லரின் கப்ளர் (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் முன்முனைப் பிடி) பந்தைவிட்டுக் கழன்று, நான் குறுக்காக மாட்டியிருந்த இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளின் மேல் தொட்டிலில் கிடப்பதுபோல் கிடந்தது. சங்கிலிகளை நேராக மாட்டியிருந்தால் அதன் முனை சாலையில் குத்தியிருக்கும். பின்னால் வந்துகொண்டிருந்த இருசக்கர வாகனத்தை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

மெக்கானிக் வந்து பந்தின் தலையில் இருந்த அழுக்கைத் துடைத்துக் காட்டினார். அதில் 1⅞ அங்குலம் என்று பொறித்திருந்தது. கப்ளரிலோ 2 அங்குலம் என்று இருந்தது. வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான் என்பதால், தாழ்ப்பாள் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டதுபோலவே தெரியும், குலுங்கும்போதுதான் நழுவும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியைச் சுழற்றி உயர்த்தினால் வண்டியின் பின்பகுதியும் கூடவே எழ வேண்டும். எழாமல் கப்ளர் மட்டும் மேலே வந்தால் அது பிடிக்கவில்லை என்று பொருள். இரண்டு நிமிட வேலை இது, அன்று நான் செய்யவில்லை.

பந்தின் மேல் தாங்குதிறனும் பொறித்திருந்தது: 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. விற்றவர் என்னிடம் சொன்ன 850 கிலோ வெறும் படகின் எடை. டிரெய்லர், இன்ஜின், பேட்டரி, நங்கூரம், 100 லிட்டர் பெட்ரோல் (அதுவே ஏறத்தாழ 75 கிலோ) எல்லாவற்றையும் சேர்த்து எடைமேடையில் ஏற்றியபோது 1,400 கிலோவைத் தாண்டியது. வண்டியின் கையேட்டில் உள்ள இழுவை வரம்போடு இந்த மொத்த எடையைத்தான் ஒப்பிட வேண்டும்.

"புதிய" பேரிங்கைத் திறந்தபோது கிரீஸ் நீர் கலந்து பால்போல் வெளுத்திருந்தது. ஓடிச் சூடான சக்கரக் குடத்தை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி), படகை இறக்குவதற்காக உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். எத்தனையோ முறை அப்படி நனைந்து துருப்பிடித்த பழைய பேரிங் அது.

விற்றவரைத் தொலைபேசியில் கேட்டபோது, நான்தான் சரியாகப் பூட்டவில்லை என்று அவர் சாதித்தார். பணத்தில் ஒரு பகுதியைக்கூடத் திருப்பித் தரவில்லை. என்னைப்போல் இன்னொருவர் அவரிடமோ அவரைப்போன்ற ஒருவரிடமோ போய் நிற்கக்கூடும் என்பதால்தான் எழுதுகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் பந்தில் உள்ள எண்ணையும் கப்ளரில் உள்ள எண்ணையும் துடைத்துப் படியுங்கள், சக்கரக் குடத்தின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அன்றைக்குப் படகை வண்டியில் மாட்டாதீர்கள்.