கேம்ரியா அக்கார்டா? நான்கு வருடம் இரண்டையும் ஓட்டிய பிறகு

வீட்டில் இரண்டு ஹைப்ரிட் செடான்கள், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்கள். டொயோட்டா கேம்ரி என்னுடையது, ஹோண்டா அக்கார்டு மனைவியுடையது. இரண்டுமே 2018 மாடல். அவசரத்துக்குக் கையில் கிடைத்த சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிற வீடு என்பதால், நான்கு வருடத்தில் இரண்டையும் ஏறக்குறைய சமமாக ஓட்டிவிட்டேன்.

கேம்ரியில் 2.5 லிட்டர் எஞ்சின், அக்கார்டில் 2.0 லிட்டர். மோட்டாரையும் சேர்த்தால் இரண்டுமே 200 குதிரைத்திறனைக் கொஞ்சம் தாண்டும். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நெரிசலில் ஊர்ந்து பார்த்தால்தான் குணம் தெரியும்.

அக்கார்டில் மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. எஞ்சினுக்கு ஜெனரேட்டரை ஓட்டுகிற வேலை மட்டும். சீரான வேகத்துக்கு வந்ததும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடும். அதனால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் சத்தம் ஒரு பக்கம், வண்டியின் வேகம் ஒரு பக்கம் என்றிருக்கும். பழகச் சில வாரம் பிடித்தது. கேம்ரியில் எஞ்சினும் மோட்டார்களும் பிளானட்டரி கியரில், அதாவது நடுப் பல்சக்கரத்தைச் சின்னப் பல்சக்கரங்கள் சுற்றிவரும் அமைப்பில், கோத்திருக்கின்றன. எஞ்சின் எப்போது விழித்தது, எப்போது தூங்கியது என்றே பல நேரம் தெரியாது.

அக்கார்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில் என்கிற சின்ன நெம்புகோல். சிக்னல் தெரிந்ததும் இடது விரலால் இரண்டு தட்டு. பிரேக்கைத் தொடாமலே வேகம் குறைந்து, பேட்டரியும் கொஞ்சம் ஏறும். என் கேம்ரியில் அது இல்லை. ஆனாலும் விரல் அங்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பும்.

அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். அக்கார்டின் பின்சீட்டில் கால் நீட்ட இடம் அதிகம்தான், ஆனால் கூரை பின்பக்கம் சரிவதால் குனிந்து ஏற வேண்டும். சஸ்பென்ஷனும் கேம்ரியைவிடக் கொஞ்சம் இறுக்கம். குண்டும் குழியுமான சாலையில் அவர் கேம்ரியில்தான் தூங்குவார்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் ஹைப்ரிட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். ஒருநாள் பின்னாலிருந்து ஹேர் டிரையர் ஓடுவது போலச் சத்தம். பார்த்தால், நான் போட்டுவைத்த போர்வை சரிந்து பேட்டரியின் காற்றுத் துவாரத்தை மூடியிருந்தது! எடுத்ததும் பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அடங்கிவிட்டது. அப்புறம் வண்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் முதலில் அங்கேதான் கை போகிறது.

அப்பா கூட வந்தால் யோசிக்காமல் கேம்ரி. தனியாகப் போவதென்றால் அக்கார்டு, சாவி ஆணியில் தொங்கினால். பெரும்பாலும் மனைவி முந்திக்கொண்டிருப்பார்.